முதலில் காரின் எடையைக் கேளுங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டிராக் டேயில் (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நம் தம்பி ஒருவனின் கார் சுழன்ற வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே பகிர மாட்டேன், அந்தத் தம்பி பட்டது போதும். கார் சுழன்றது இரண்டாவது சுற்றில், இன்னும் வேகமே பிடிக்காத நேரத்தில். மூக்குப்பகுதி போயிற்று, முன் சஸ்பென்ஷனில் ஒரு கை வளைந்துவிட்டது. நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீடியோவை விட அதன் கீழே ஓடிய பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘இவ்வளவு நல்ல டயர் போட்டும் சுற்றுகிறான் என்றால் தப்பு யார் மேல்?’ என்று ஒருவர். ‘கை வராதவனுக்கு எதற்கு செமி ஸ்லிக் (பள்ளங்கள் குறைவான பந்தயப் பாதை டயர்)?’ என்று இன்னொருவர். அதற்கு அத்தனை லைக். அந்த டயரை வாங்கச் சொன்னதே நீங்கள்தானே? போன மாதம் ‘டிராக் டேக்கு எது கிரிப் அதிகம், அண்ணா?’ என்று அவன் கேட்டபோது ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னீர்கள். ‘உன் கார் எத்தனை கிலோ, தம்பி?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். ‘டயர் வாத்தியார் வந்துட்டார்’ என்று சிரித்தீர்கள்.

சரி, அதே கேள்வியைத்தான் திரும்பவும் கேட்கிறேன். கார் எத்தனை கிலோ?

அவன் காரின் எடை 550 கிலோ. கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கி, அவனே கட்டிய கார். ஆளோடு சேர்த்து 630 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 160 கிலோகூட வராது. நீங்கள் சொன்ன டயரைப் பற்றி வந்திருக்கும் பாராட்டெல்லாம் 1,500 கிலோ கார்களில் ஓட்டியவர்கள் எழுதியது. அங்கே ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ பக்கம் உட்கார்ந்திருக்கிறது, இரண்டரை மடங்கு. அந்தச் சுமைதான் ரப்பரைப் பிசைந்து சூடாக்குகிறது. டிராக் டயரின் ரப்பர் சூடானால்தான் ஒட்டும். ஆறிப்போய்க் கிடக்கும் செமி ஸ்லிக்கை விட நல்ல சாலை டயர் எவ்வளவோ மேல். தம்பி இரண்டாவது சுற்றில் ஓட்டிக்கொண்டிருந்தது அந்த ஆறிப்போன ரப்பரின் மேல்தான். போதாததற்கு, காற்று 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்தான். அதுவும் யாரோ சொல்லித்தான் வைத்தான். அந்தக் காருக்குக் குளிர்ந்த நிலையில் 18-லிருந்து 20-க்குள் இருந்தால் போதும்.

எடை குறைந்த காருக்கு ஒரு வரம் உண்டு. அதை யாரும் சொல்வதே இல்லை. டயரின் மேல் சுமை ஏற ஏறப் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. இரண்டு மடங்கு சுமைக்கு இரண்டு மடங்கு பிடிப்பு கிடைக்காது, அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அப்படியென்றால் அதே ரப்பர் லேசான காரில் ஒவ்வொரு கிலோவுக்கும் அதிகப் பிடிப்பைத் தருகிறது. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் லோட்டஸ் செவன் என்ற லேசான காரைக் கொண்டுவந்தபோதும், 1973-இல் அது கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும், அந்தக் கார்கள் ஒல்லியான டயரில் பெரிய எஞ்சின்காரர்களை விரட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கனமான காருக்குச் செய்த கெட்டியான காம்பவுண்டையும் (ரப்பர் கலவை) அகலமான டயரையும் மாட்டினால் வரமே வினையாகிவிடும். அகலம் கூடினால் சுமை இன்னும் பரவிப்போகும், காற்றில் ஆறும் பரப்பும் கூடும், சக்கரத்தின் எடையும் கூடும். 13 அங்குலச் சக்கரத்தை இந்தக் கார்களுக்கு இன்னமும் விடாமல் வைத்திருப்பது பழமைப் பற்றால் அல்ல.

நான் செமி ஸ்லிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் யார் காதிலும் ஏறுவதில்லை. லேசான காருக்கு ஏற்ற செமி ஸ்லிக் இருக்கிறது. அவான் நிறுவனத்தின் இசட்இசட்ஆர் இந்த மாதிரிக் கார்களில் எத்தனையோ வருடம் ஓடிய டயர். நான்காங் ஏஆர்-1 13 அங்குலத்திலும் வருகிறது. யோகோஹாமா ஏ048 டயரில் லோட்டஸ் கார்களுக்கென்றே தனி வகை செய்தார்கள். ஒரு லேசான காருக்காக ஒரு டயர் நிறுவனம் காம்பவுண்டையே மாற்றித் தருகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்காதா? ஒரே பெயர் கொண்ட டயரிலேயே இரண்டு காம்பவுண்ட் வருவதும் உண்டு. நான்காங் என்எஸ்-2ஆர் டயரில் 120, 180 என்று இரண்டு இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லி ‘இதை வாங்கு’ என்றால் அவன் எதை வாங்குவான்?

அந்த எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ‘ட்ரெட்வேர் 100, அதனால் கிரிப் அதிகம்’ என்று அங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். ட்ரெட்வேர் என்பது தேய்மானத்தின் எண். அமெரிக்காவில் ஒரு சாலைப் பாதையில் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு பார்த்து, தயாரிப்பாளரே தன் டயருக்குப் போட்டுக்கொள்ளும் எண். அது பிடிப்பை அளப்பதில்லை. உங்கள் காரின் எடையில் அந்த ரப்பர் எத்தனை டிகிரிக்கு வரும் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

எனக்கு இது எப்படித் தெரியும்? நானும் அதே இடத்தில்தான் இருந்தேன். கார் கட்டி முடித்த முதல் வருடம், எல்லோரும் புகழ்ந்த டயரைத்தான் வாங்கினேன். விற்றவர் ‘இதுக்கு மேல ஒண்ணு இல்ல சார்’ என்றார். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்க்க எனக்கு அப்போது தெரியாது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து வருடப் பழைய சரக்கு. கிடந்து கிடந்து இறுகிப்போன ரப்பர். குளிர்ந்த காலை, முதல் ஓட்டம், மூன்றாவது வளைவு. ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் தொட்டேன். பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. புல்வெளியில் பின்னோக்கி நின்றுகொண்டிருந்தபோது என் கை நடுங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று காரை நிறுத்தும் இடத்துக்குத் திரும்பியதும் ஒருவர் தோளில் தட்டி ‘பழகிடும்’ என்றார். பழக வேண்டியது நான்தான் என்று நானும் நம்பினேன். ஒரு வருடம் முழுக்க நம்பினேன்.

பிறகுதான் ஊசி வெப்பமானி ஒன்று வாங்கினேன். ஐந்து சுற்று ஓடிவிட்டு உள்ளே வந்தவுடன் டயரின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் குத்திப் பார்த்தேன். முன் டயரில் 48 டிகிரி. அந்த ரப்பர் உயிர்பெறவே இன்னும் 30 டிகிரி வேண்டும். அந்த டயரைக் கழற்றிவிட்டு, மென்மையான காம்பவுண்டில் ஒரு அளவு ஒல்லியான டயர் மாட்டினேன். மூன்றாவது சுற்றிலேயே 70 தாண்டியது. காற்று 18-இல் தொடங்கி 22-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே கார், அதே வளைவு, அதே நான். கேலி செய்கிறவர்கள் செய்யுங்கள். ஒரு ஊசியும் ஒரு நோட்டுப்புத்தகமும் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டயர் சரியாக ஒட்ட ஆரம்பித்ததும் வேறு ஒரு பிரச்சினை வந்தது. நீண்ட வலது வளைவில் ஆயில் பிரஷர் விளக்கு மின்னியது. பிடிப்பு கூடியதால், எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் எண்ணெய் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அந்த ஒரு விநாடியில் எஞ்சின் பேரிங் போய்விடலாம். சம்புக்குள் தடுப்புத் தகடு வைத்த பிறகுதான் நிம்மதி. ‘அதிக கிரிப் டயர் போடு’ என்று சொன்ன எத்தனை பேர் அந்தத் தம்பியிடம் அவன் சம்பைப் பற்றிக் கேட்டீர்கள்? கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைப் பற்றி? சாலைக்கு வைத்த அளவிலேயே விட்டுவிட்டு ஒட்டும் டயரை மாட்டினால் வெளி ஓரம் மட்டும் தின்னப்படும்.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். ‘வேகமாக ஓட்டுகிறவர்கள் எல்லாம் அதைத்தான் போடுகிறார்கள்.’ போடுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் இருபது நிமிடம் விடாமல் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள், கையில் எஞ்சின் பலம் இருக்கிறது, டயர் சூடாகாத சுற்றில் காரை எப்படிப் பிடிப்பது என்று தெரியும். முதல் முறை வந்தவனுக்கு அது பொருந்தாது.

‘டயரைச் சூடாக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியது ஓட்டுகிறவன் பொறுப்பு.’ சூடே ஏறாத டயரை எப்படிச் சூடாக்குவது? இடமும் வலமும் ஆட்டி ஓட்டினால் 550 கிலோ காரில் மேல்தோல் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். அழுத்திப் பிரேக் போட்டால் கொஞ்சம் ஏறும். அடுத்த நேர்பாதையில் காற்று அதையும் கொண்டுபோய்விடும்.

‘மென்மையான டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.’ 1,500 கிலோ காரில் தேயும். லேசான காரில் நூல்போலத்தான் தேய்கிறது. ட்ரெட் (டயரின் மேல் உள்ள பள்ளங்கள்) பாதி இருக்கும்போதே ரப்பர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி இறுகிவிடும். தேய்வதற்கு முன் செத்துப்போகும். இதிலும் கணக்கு எடையில்தான் வந்து நிற்கிறது.

‘மழைக்கு என்ன செய்வாய்?’ என்று யாராவது கேட்டால் சந்தோஷப்படுவேன். கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள். டயர் எந்த வேகத்தில் நீரின் மேல் மிதக்கும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் 32 பி.எஸ்.ஐ. போட்டால் மணிக்கு சுமார் 94 கி.மீ. வருகிறது. 18 போட்டால் சுமார் 71 கி.மீ. கார் டயர் விமான டயர் இல்லை, ட்ரெட் இருந்தால் கதை மாறும். ஆனால் செமி ஸ்லிக்கில் அந்த ட்ரெட்தானே குறைவு? லேசான கார், குறைந்த காற்று, வழவழப்பான ரப்பர். வீட்டிலிருந்து டிராக்குக்கு அதே டயரில் ஓட்டிப்போகிறவன் வழியில் மழை பிடித்தால் என்ன ஆவான்? தம்பி அன்று அப்படித்தான் வந்திருந்தான், டிரெய்லரில் அல்ல.

அப்புறம், ‘நீ மெதுவாக ஓட்டுகிறவன், உனக்கு என்ன தெரியும்’ என்பது. இது போன வருடமும் வந்தது, அதற்கு முந்தைய வருடமும் வந்தது. நான் மெதுவாக ஓட்டுவதாகவே இருக்கட்டும். டயரின் வெப்பநிலை ஓட்டுகிறவன் புகழைப் பார்த்தா ஏறுகிறது? நான் எழுதிய எண்களில் எது தப்பு என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஒருவர்கூட இன்றுவரை எண்ணைத் தொடவில்லை. என்னைத்தான் தொடுகிறீர்கள். ‘டயர் வாத்தியார்’ என்று நீங்கள் கூப்பிட்ட அன்று நான் ஒன்றும் சொல்லாமல் விலகிப்போனேன். அது என் தப்பு. அன்றே தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அவர்கள் சொல்வதைக் கேட்காதே, காற்றை இறக்கு, இந்த டயரைத் திருப்பிக் கொடு’ என்று சொல்லியிருக்க வேண்டும். கேலி பண்ணிவிட்டார்களே என்ற கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நேற்று அவனோடு பேசினேன். காரை விற்கப் போகிறானாம். ‘எனக்கு ஓட்ட வரல அண்ணா, எல்லாரும் சொல்றாங்களே’ என்றான். இரண்டு வருடம், வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாக அவன் முறுக்கிய கார் அது. வயரிங் மூன்று தடவை பிரித்துப் போட்டான். அதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், படம் போடும்போதெல்லாம் கைதட்டியவர்கள்தானே நீங்கள்.

என்னிடம் 13 அங்குலத்தில் ஒரு செட் சக்கரம் சும்மா இருக்கிறது, டயரோடு. எங்கள் இரண்டு பேர் காருக்கும் ஒரே போல்ட் அளவு. வளைந்த சஸ்பென்ஷன் கையை மாற்றி முடித்ததும் அதை மாட்டி, காற்று 18 வைத்து, ஊசியையும் எடுத்துக்கொண்டு அவனோடு போகப் போகிறேன். வருவதாக இன்னும் அவன் சொல்லவில்லை, வர வைப்பேன். அன்று அங்கே வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் முதல் ஐந்து சுற்று முடிக்கும் வரை யாரும் போனைத் தூக்க வேண்டாம்.