வாய்மொழி உத்தரவும் நம் கையெழுத்தும்

தில்லி அரசு அலுவலகங்களில் மதராசிக்கு ஒரு பெயர் உண்டு. சொன்னதைச் செய்வான், எதிர்த்துப் பேசமாட்டான். கரோல்பாகில் ஒற்றை அறையில் நாலைந்து பேராகத் தங்கி, சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் நம்பிப் பிழைத்த தலைமுறை சம்பாதித்த பெயர் அது. அவர்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் எதிர்த்துப் பேசமாட்டான் என்பதை இன்னும் பெருமையாகச் சொல்லித் திரிவதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்குப் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் இந்தி வராததுதான். மற்றவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள், நாமும் மறுக்கவில்லை.

இப்போது தேர்வெழுதி வேலைக்கு வரும் நம் பிள்ளைகளை ஆர்.கே.புரம் மலைக்கோயிலில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "அண்ணே, மேல இருந்து சொல்றாங்க. நாம என்ன பண்ண முடியும்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழ்ப்படிதல் வேண்டும். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய அமைச்சரின் முடிவை, தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு செக்‌ஷன் ஆபீசர் முடக்கிவைத்தால் அது அராஜகம். என் கருத்துக்கு மாறான உத்தரவு வேறு, சட்டத்துக்கு மாறான உத்தரவு வேறு. முதலாவதற்கு மாற்றுக் கருத்தைக் கோப்பில் பதிந்துவிட்டு வேலையைச் செய்ய வேண்டும். இரண்டாவதைச் செய்யவே கூடாது. ஆனால் இரண்டாவது வகை உத்தரவு எழுத்தில் வருவது அபூர்வம். போனில்தான் வரும். "பேசியாச்சு, போட்டு அனுப்புங்க."

அப்புறம் கோப்பைத் திறந்து பாருங்கள். 'விவாதித்தபடி' என்று ஒரு வரி இருக்கும். யார் யாரோடு விவாதித்தார்கள், என்ன முடிவானது, ஒன்றும் இருக்காது. கணினியிலேயே கோப்பு நகரும் இ-ஆபீசில் மஞ்சள் குறிப்பு வெறும் வரைவு, திருத்தலாம், அழிக்கலாம். பச்சைக் குறிப்பு ஏறிவிட்டால் ஏறியதுதான். மனசாட்சிக்கு மஞ்சளில் நாலு வரி எழுதி, அதை அழித்துவிட்டு, பச்சையில் 'விவாதித்தபடி' என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு நாள் தணிக்கையோ விசாரணையோ வரும்போது போன் செய்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். பச்சையில் உங்கள் பெயர் இருக்கும்.

விதி நம் பக்கம்தான் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 3-ஆம் விதியைப் படியுங்கள். மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டியது அவர் கடமை, அதைக் கேட்டுப் பெற வேண்டியது நம் கடமை. கேட்பது உரிமை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்காமல் இருப்பதே விதிமீறல். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் செயல்படக் கூடாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் முதல் பெயர் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். தில்லியில் தமிழன் பெயர் வாங்க வேண்டியது இப்படித்தான்.

'இன்று தொலைபேசியில் தாங்கள் கூறியவாறு நடவடிக்கை எடுக்க, எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இவ்வளவு எழுதினால் போதும். இதில் என்ன மரியாதைக் குறைவு?

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலைக் காலத்தில், பழைய தில்லியின் துருக்மான் கேட்டில் புல்டோசர்கள் வீடுகளை இடித்தன. எந்த அரசுப் பதவியிலும் இல்லாத சஞ்சய் காந்தியின் வாய்ச்சொல்லுக்கு அதிகாரிகள் ஆடிய கதையைப் பிற்பாடு நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் விரிவாகவே பதிவு செய்தது. அதே ஏப்ரல் 28 அன்று, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவருக்கு விடுதலை கேட்டு நீதிமன்றத்தை நாடும் உரிமை கிடையாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். பேட்டி கொடுக்கவில்லை, கொடி பிடிக்கவில்லை. தன் மேசையில், தன் அதிகாரத்துக்கு உட்பட்டு, தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். 2017-இல் அதே நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று அறிவித்தது.

எழுதினால் மாற்றல் போட்டுவிடுவார்களே என்கிறீர்கள். போடலாம். 1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், அவர் பதவி விலகினார். விலை இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் தனியாக நின்றால்தான் அந்த விலை இவ்வளவு கனக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகள் நினைவிருக்கலாம். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சுற்று: கூட உட்கார்ந்த இரண்டு பேர் முடியாது என்று எழுந்தபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள்.

அதனால் முதல் ஆளாக மறுப்பு எழுதத் தைரியம் வராதவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பக்கத்து மேசைக்காரர் எழுதிய பிறகு அவரோடு டீ குடிக்கப் போவதை நிறுத்தாதீர்கள். அந்தக் கோப்பு உங்களிடம் வரும்போது, 'மேற்கண்ட குறிப்புடன் உடன்படுகிறேன்' என்று பச்சையில் ஒரு வரி போடுங்கள்.