சாயத்தண்ணீர் இரத்தம் ஊறச் செய்யாது

"சாப்பாட்டோடு கடும் சாயத்தண்ணீர் (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் இரத்தம் ஊறும், கர்ப்பிணிகளுக்கு மாத்திரையே வேண்டாம்" என்றொரு செய்தி இலங்கையின் மலையகத்தில் கைபேசி வழியே பரவுகிறது. இது தவறு; ஆபத்தான தவறு.

தேயிலையிலுள்ள டானின் போன்ற பொருள்கள், ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. விடியலில் கொழுந்து பறிக்க ஓடும் பெண்ணுக்கு ரொட்டியையும் தேநீரையும் ஒன்றாக விழுங்கத்தான் நேரமிருக்கிறது. அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தேநீரைக் கைவிடவும் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முருங்கைக்கீரையில் தேசிக்காய் பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். நெத்தலியும் நல்லது.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஹீமோகுளோபின் (இரத்தத்திலுள்ள இரும்புச்சத்துப் புரதம்) டெசிலீட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. அரச கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். தேநீரோடு அல்ல, தண்ணீரோடு விழுங்குங்கள்.