சின்ன கிளப் என்று சொல்லுங்கள், வரலாறு இல்லை என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை அந்தப் பிறந்தநாள் விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "பிளைத் ஸ்பார்ட்டன்ஸா? அதுக்கெல்லாம் என்னப்பா ஹிஸ்டரி?" என்று அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் உறுத்துகிறது.

சின்ன கிளப்தான், ஒத்துக்கொள்கிறேன். நாம் இருக்கும் இங்கிலாந்தின் வடகிழக்கில், நிலக்கரி ஏற்றுமதி செய்த பிளைத் என்ற துறைமுக ஊரின் கால்பந்து கிளப். 1899ல் தொடங்கியதிலிருந்து ஒருநாளும் ஃபுட்பால் லீக்கில், அதாவது பெரிய தொழில்முறை கிளப்புகளின் தொடரில், ஆடியதில்லை. 2024ல் ஆறாம் அடுக்கான நேஷனல் லீக் நார்த்திலிருந்தும் கீழே இறங்கியது. ஆனால் வரலாறு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

1978 பிப்ரவரியில், பெரிய கிளப்புகளும் சின்ன கிளப்புகளும் மோதும் எஃப்ஏ கோப்பையின் நான்காம் சுற்றில், ஸ்டோக் சிட்டி என்ற பெரிய கிளப்பை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று சாய்த்தார்கள். அடுத்த சுற்றில் ரெக்ஸம் கிளப். ஆட்டம் முடியப் போகிறது, பிளைத் 1-0 முன்னிலை. கார்னர் கொடி சாய்ந்துவிட்டது என்று நடுவர் கார்னரை மறுபடி எடுக்கச் சொன்னார். அதில்தான் சமன் கோல் விழுந்தது. மறு ஆட்டத்துக்கு நியூகாசில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் 42,167 பேர். 2-1 என்று தோற்றார்கள். ஜெயித்திருந்தால் காலிறுதியில் ஆர்சனல்!

நான் இங்கே வந்த முதல் குளிர்காலம். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராமல், துணைக்கு ஆளில்லாமல் கிளப்பின் மைதானமான குரோஃப்ட் பார்க்குக்குப் போனேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் கழுத்தில் பச்சை வெள்ளை மஃப்ளர், வெள்ளை பழுத்து மஞ்சளாகியிருந்தது. அந்தக் கார்னர் கொடிக் கதையை அவர்தான் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது. இத்தனை வருஷம் கழித்தும்!

"ஒரு கோப்பை ஓட்டத்தையே எத்தனை நாள் பேசுவே?" என்பீர்கள். சரி, 1917-18க்குப் போவோம். போர்க்காலத்தில் துறைமுகத்தில் வெடிகுண்டுச் சரக்கைக் கையாண்ட பெண்கள் இதே பெயரில் அணி வைத்தார்கள். கடற்படை ஆட்கள் கடற்கரையில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் தொழிலாளர் கோப்பையின் இறுதி மறு ஆட்டத்தில் 5-0 வெற்றி. சுரங்கத் தொழிலாளியின் மகள் பெல்லா ரேக்கு அதில் மூன்று கோல், அந்த சீசனில் மொத்தம் 133. போர் முடிந்ததும் அணி கலைந்தது. 1921ல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமான எஃப்ஏ, தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டது. அரை நூற்றாண்டு அந்தத் தடை அப்படியே கிடந்தது. இதெல்லாம் வரலாறு இல்லையா? அப்போ எதுதான் வரலாறு?

பெரிய கிளப்புகள் ஆடும் பிரீமியர் லீக்கைப் பார்ப்பது தப்பா என்றால், இல்லை. நானும் பார்க்கிறேன்.

"உனக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்றும் ஒருவர் கேட்டார். இதுதான் அதிகம் வலித்தது. எட்டு வருஷமாக இங்கேதான் வாடகை கட்டுகிறேன், இங்கேதான் என் பிள்ளை பிறந்தான். யாருமே இல்லாத ஊரில் டீ ஊற்றிக் கொடுத்தவர் பக்கத்தில் நின்றேன். இதைவிட என்ன சம்பந்தம் வேண்டும்?

அண்ணா, உங்கள் மேல் கோபமில்லை. வருகிற சனிக்கிழமை வாருங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன். அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று அதே கேள்வியை இன்னொரு தடவை கேளுங்கள்.