பீட்டர் கிரீன் காலத்தை ஒரே பத்தியில் கடந்துவிடலாமா?

ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவைப் பற்றிய உங்கள் கட்டுரை, அதன் நிறுவனர் பீட்டர் கிரீனின் காலத்தை ஒரே பத்தியில் கடந்துவிடுகிறது. குழுவின் வரலாறு, பாடகர்கள் ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்சி பக்கிங்ஹாமும் சேர்ந்த பிறகே சூடுபிடிக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1967-இல் லண்டனில் இக்குழுவைத் தொடங்கியவர் கிட்டார் கலைஞரான கிரீன். டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயர்களைச் சேர்த்தே அவர் அதற்குப் பெயரிட்டார்; இத்தனைக்கும் மெக்வீ அப்போது ஜான் மேயால் என்ற இசைக்கலைஞரின் குழுவை விட்டு வந்திருக்கவே இல்லை. 1969 ஜனவரியில் இவர்கள் சிகாகோவின் செஸ் ஒலிப்பதிவுக்கூடத்துக்கே சென்று, வில்லி டிக்சன், ஓடிஸ் ஸ்பான் போன்ற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசைவகை) மூத்தவர்களோடு அமர்ந்து வாசித்தார்கள் என்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை.

பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அக்குழுவுக்கு முதலிடம் பெற்றுத் தந்த 'ஆல்பட்ராஸ்', பாடல் வரியே இல்லாத வாத்திய இசை. வழக்கமான குச்சிகளை விடுத்து, மெத்தென்ற தலையுள்ள கோல்களால் ஃப்ளீட்வுட் அலைபோலத் தட்டிக்கொண்டிருக்க, கிரீனின் கிட்டார் அவசரமே இல்லாமல் அதன்மேல் மிதந்து செல்லும். சுரங்களைக் கொட்டிக் குவிப்பதே திறமை என்றிருந்த காலத்தில் (இன்றும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள்) அது துணிச்சலான அடக்கம்.

1970-இல் கிரீன் விலகினார், அடுத்த ஆண்டு குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெரமி ஸ்பென்சரும் போனார். நிக்ஸும் பக்கிங்ஹாமும் சேர்ந்த பின் 1977-இல் வெளிவந்த 'ரூமர்ஸ்' இசைத்தொகுப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலும் அடித்தளமாக ஒலிப்பது பழைய ப்ளூஸ் நாட்களின் அதே டிரம்ஸும் பேஸும்தான்.