ரேஷன் கார்டுக்கு இலவச பிராட்பேண்டா?

வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ‘பாரத்நெட் திட்டத்தில் ரேஷன் கார்டு உள்ள எல்லா வீட்டுக்கும் இலவச இன்டர்நெட். 99 ரூபாய் கட்டி லிங்கில் பதிவு செய்யுங்கள்’ என்கிறது. இது பொய். இலவசத்துக்கு எதற்கு 99 ரூபாய் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

பாரத்நெட் என்பது மத்திய அரசின் உண்மையான திட்டம்தான். 2011-ல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றது. ஊராட்சிகள் வரை கண்ணாடி இழை கேபிள் கொண்டுவருவது அதன் அடிப்படை வேலை. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இதைச் செய்யும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. கேபிள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டால் நம் வீட்டிலும் நெட் வந்துவிடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும், மாதக் கட்டணமும் உண்டு. கேரளத்தில் அந்த மாநில அரசின் இணைய சேவையான கேஃபோன் மூலம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருகிறார்கள், சரி. அது அந்த மாநிலத்தின் திட்டம்.

சந்தேகம் இருந்தால் ஊராட்சி அலுவலகத்திலோ டான்ஃபிநெட் இணையதளத்திலோ பார்க்கலாம். லிங்கில் ஆதார், ஓடிபி கொடுத்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.