பழைய பவர் கேபிள் புது பவர் சப்ளைக்குச் சேருமா?

கணினியில் புது கிராபிக்ஸ் கார்டுக்காகப் பவர் சப்ளையை மட்டும் மாற்றினால் போதும், மாடுலர் கேபிள்கள் (பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடியவை) எல்லாம் ஒரே தரம்தான், பழையதையே செருகிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பாதி சரி. ஆனால் ஆபத்து மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

கார்டில் செருகும் 8 பின் முனைக்குப் பொதுத் தரம் உண்டு: மூன்று பின்னில் 12 வோல்ட், மற்ற ஐந்தும் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பும் வழி) சென்ஸும் (கேபிள் செருகியிருக்கிறதா என்று கார்டு அறிய உதவுவது). பவர் சப்ளையில் செருகும் முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. எந்த பின்னில் எது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைக்கிறார். ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்குள்ளேகூட மாறும். கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று நம்பிச் செருகினால், கிரவுண்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்துவிடலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பவர் சப்ளை தானே அணைந்துகொள்ளும். இல்லையென்றால் கார்டு போய்விடும்.

நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள். முதலில் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கேபிள் பொருத்தப் பட்டியலைத் தேடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கேபிள்களையும் முழுதாகக் கழற்றி வெளியே எடுத்து, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி நிலையில் (இரு முனைகளுக்கும் இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும்) வைத்து, கார்டு முனையின் ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் எந்த பின்னுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புது பவர் சப்ளையோடு வந்த கேபிளும் பழையதும் ஒரு பின்னில் வேறுபட்டாலும் பழையதைச் செருகாதீர்கள். கம்பியின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இப்போது பெரும்பாலும் எல்லாமே கறுப்புதான்.