டானிக் ஊற்றினால் 30 நாளில் சினை நிற்காது
"மாடு ஈன்ற மறுநாளே லிவர் டானிக் (கல்லீரலுக்கான மருந்து) ஊற்றினால் 30 நாளில் சினை நிற்கும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது தவறு. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரவே ஏறக்குறைய 40 நாள் ஆகும். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) பொதுவாக 60 நாளுக்குப் பிறகுதான்.

கல்லீரல் கெடுவதற்கான காரணமும் வேறு. ஈன்ற பிறகு பால் ஏறும் வேகத்துக்குத் தீனி எடுப்பு ஏறாது. மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும், அது கல்லீரலில் போய்ப் படியும். பால் வற்றிய காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்த மாட்டுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆகவே ஈனுவதற்கு முந்தைய 3 வாரமும் பிந்தைய 3 வாரமும் தீவனத்தைக் கவனியுங்கள். தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறும்.

ஈன்ற மாடு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடித்து, பாலும் சரிந்தால், தயவுசெய்து டானிக்கை நம்பி நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.